மட்ஹென் சேற்றில் குளித்த பரணி

வாழ்க வெண்டல் ஸ்ட்ரவுட்! ஓஹையோ நாட்டுச் சோளக்கொல்லைகளின் நடுவே, ஓடிஸ் பெல்லின் துப்பாக்கிக் கடையில், காபி மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த கிழிந்த தோல் நாற்காலியைச் சிங்காதனமாய்க் கொண்டு, ஊரார் வாங்கும் படைக்கலங்களுக்கெல்லாம் தீர்ப்பு வழங்கிய தொப்பை வேந்தே, வேட்டைத் தொப்பி தரித்த வித்தகனே, வாழ்க!

அவர் 'ம்' என்றால் துப்பாக்கிக்கு முடிசூட்டு விழா. மூக்கைச் சுளித்தால் அதற்குப் பாடை. அதிலும் 'மட்ஹென்' என்ற மலிவுக் கைத்துப்பாக்கியின் பெயர் காதில் விழுந்தால் போதும், அவருக்குக் காபி புரையேறும். செங்கல்லுக்குக் கைப்பிடி வைத்த மேனி. மண்சட்டி அழகு. ஆளில்லாத வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாமே தவிர அதைக் கையால் தொடலாகாது என்பது அரச கட்டளை.

அப்பேர்ப்பட்ட அவைக்குள் ஒரு சனிக்கிழமை காலை பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லா கிம்பிள் நுழைந்தாள். இடுப்பில் புத்தம்புது மட்ஹென்.

"ஏம்மா டார்லா, பஸ் டயருக்கு அடியில வைக்கக் கட்டை வாங்கினியா?"

அவை குலுங்கிச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இதை நீங்க சுட்டுப் பாத்திருக்கீங்களா, வெண்டல்?"

"சாக்கடைத் தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டா நாறுதுன்னு சொல்லணும்?"

"சரி. சேத்துல முக்கி எடுத்துச் சுடறேன். ஒரு குண்டு சிக்கினாலும் குளத்துல வீசிடறேன். சிக்கலன்னா அந்த நாற்காலி எனக்கு."

நாற்காலி! வெண்டலின் நெஞ்சுக்குள் முரசம் அதிர்ந்தது. வீட்டில் அவர் பேச்சுக்குச் செவி சாய்க்க நாய்கூட இல்லை. உலகம் அவரை மதித்த ஒரே இடம் அந்தக் கிழிந்த தோல்தான். ஆயினும் மறத்தை மறப்பாரோ மன்னர்? "சம்மதம்!" என்று கர்ஜித்தார்.

கடைக்குப் பின்னால் சுடுகளம். இரவு பெய்த மழை டிரக் தடங்களில் குழம்பாய்த் தேங்கிக் கிடக்க, யானை சேறாடியதுபோல் மட்ஹென் அதில் புரண்டு புரண்டு எழுந்தது. டார்லா குழலுக்குள் மட்டும் குச்சி விட்டுத் துடைத்தாள். குண்டுகள் நிரப்பிய மேகசீனைச் செருகினாள்.

"எல்லாரும் காதை மூடுங்கப்பா!" என்றார் ஓடிஸ்.

முழங்கியது மட்ஹென்! சேறு தெறிக்க, புகை சுருள, தகர இலக்கு தாளம் போட, கார்காலத்து இடிபோல், கடைசிக் குண்டு தீரும்வரை, ஒருமுறையும் சிக்காமல் முழங்கியது.

"வெறும் குருட்டு அதிர்ஷ்டம்!" வெண்டல் கத்தினார். "தரம்னா என்னன்னு இப்பப் பாருங்கடா!"

டிரக்கிலிருந்து வந்தது வெல்வெட் பேழை. அதனுள் துயின்றாள் அவருடைய பட்டத்து ராணி: வால்நட் மரப் பிடியாள், கொடிவேலை செதுக்கிய மேனியாள், சூரியன் முகம் பார்க்கும் நீலநிறத்தாள், அந்தப்புரம் தாண்டாத அணங்கு.

"அதையும் சேத்துல முக்கலாமா?" என்றாள் டார்லா.

"ஏன், என் பொண்ணோட கல்யாண கவுனையும் கொண்டாரவா முக்கறதுக்கு?"

சேறு படாமலே களம் புகுந்தாள் ராணி. வெண்டல் தோள் விம்மத் துப்பாக்கியின் மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்தார். பாதி வந்தது. குண்டு வாயிலேயே மாட்டியது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. அட்லாண்டிக்குக்கு அணைகட்டப் புறப்பட்டவர்போல் அவர் மல்லாடினார், முக்கினார், வியர்த்தார். அவள் அசைந்தாளில்லை.

ஓடிஸ் வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே மஞ்சள் மெழுகாய் ஏதோ இறுகிக் கிடந்தது.

"வெண்டல்... கம்பெனியில தடவுன கிரீஸே அப்படியே இருக்கே. இதை ஒரு தடவகூடச் சுட்டதில்லயா நீங்க?"

"ஒரு கீறல் விழுந்தாலும் மதிப்புப் போயிடும்ல..."

அந்தோ! சுடாத துப்பாக்கியைத் துணைக்கொண்டு சுட்டவர்களையெல்லாம் தூற்றிய நா உலர்ந்தது. கொடி சாய்ந்தது, குடை சரிந்தது. சிரித்தே பழகிய அவையோ இம்முறை சிரிக்கக்கூட இல்லை, தத்தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றது. சேற்றுக் கையோடு டார்லா கடைக்குள் போய்ச் சிங்காதனத்தில் அமர்ந்தாள்.

வெண்டல் அன்றைக்குக் காபியை நின்றுகொண்டே குடித்தார்.