கண்ணாடி நாட்டின் தண்ணீர்க் கொள்கை

நான்கு புறமும் கண்ணாடியையும் மேலே ஒரு குழல்விளக்கையும் எல்லையாகக் கொண்ட நாடு ஒன்று இருந்தது. மீன்கள் வாழும் நாடு. உருவாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. பாடப்புத்தகத்தில் ஈராயிரம் ஆண்டு என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு பீங்கான் கோட்டை, ஒரு பிளாஸ்டிக் தாமரை, மூலையில் தண்ணீரை வடிகட்டிக் குமிழி விடும் பில்டர் பஞ்சு. தண்ணீர் அவ்வளவு தெளிவு. தங்கமீன் குலத்து அரசர் பொன்வயிற்றார் தினமும் காலையில் அந்தத் தெளிவைத் தம் சாதனை என்று அறிவிப்பார்.

அந்தத் தெளிந்த தண்ணீர்தான் எரிந்தது.

முதலில் சொன்னவள் பேச்சியம்மாள். கப்பி மீன், நிறைசூலி. நேராக அரசவைக்கு நீந்திப் போனாள்.

“மகாராசா, செவுள் பத்தி எரியுது. எனக்கு இன்னும் வாரம் ஒண்ணுதான் இருக்கு. பொறக்கிற பிள்ளைக இந்தத் தண்ணியில பொழைக்காது.”

உறிஞ்சுமீன் குலத்து நீர்வளத் துறை அமைச்சர் உறிஞ்சியார், கண்ணாடியில் ஒட்டியிருந்த வாயைச் சிரமப்பட்டு எடுத்தார். “அம்மா, எரிவதாக இருந்தால் புகை தெரிய வேண்டுமே?”

“நீங்க ஒட்டிக்கிட்டே இருக்கிற ஆளு. கொஞ்சம் நீந்திப் பாருங்க, தெரியும்.”

விசாரணைக் குழு தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டது. மஞ்சளானால் நல்லது. பச்சையானால் அம்மோனியா, அதாவது, குடிமக்களின் கழிவு விஷமாகி அவர்களிடமே திரும்பி வருகிறது என்று பொருள். கரும்பச்சை வந்தது. இனி பச்சையே வளத்தின் நிறம் என்று அன்று மாலையே அரசாணை பிறந்தது. மறுநாள் இரண்டு நியான் மீன்கள் மல்லாந்து மிதந்தன. அவை வளத்தைப் படுத்தபடி ரசிப்பதாக அரசு வானொலி சொன்னது.

மக்கள் முணுமுணுத்தார்கள். உடனே மூன்று வேளை உணவு ஆறு வேளையாக்கப்பட்டது. தின்றது போக மிச்சம் கல்லிடுக்கில் அழுகியது. இப்போது தண்ணீர் பார்வைக்கே கலங்கிவிட்டது. எனவே ஒரு குற்றவாளி தேவைப்பட்டார்.

உறிஞ்சியார் கண்டுபிடித்தார். “மன்னா, பஞ்சுக்குள் வழவழவென்று ஒரு கூட்டம் குடியேறியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். பதிவு இல்லை, பெயர் இல்லை. நம் கழிவைத் தின்கிறார்கள்!”

“நம் நாட்டுக் கழிவையா?” அரசர் அரியணையை விட்டு மேலே எழும்பினார்.

“நம் மூதாதையர் விட்டுச்சென்ற கழிவையும் சேர்த்து, மன்னா.”

பேச்சியம்மாள் குறுக்கே வந்தாள். “அட, நல்லதுதானே செய்யறாங்க! அவங்க போனா நம்ம அழுக்க நாமளே குடிக்கணும்.”

அந்நியக் கைக்கூலி என்று அவளைக் கோட்டைக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார்கள். போகிற போக்கில் அவள் பஞ்சில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இறால் படை பஞ்சைப் பிழிந்து, நுண்ணுயிரைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் மூன்று முறை அலசியது. பஞ்சு வெளுத்துப் புதுசாகிவிட்டது. தூய்மை விழா எடுத்தார்கள். விழாவில் அரசர் உரையைத் தொடங்கினார். முடிக்க மூச்சு வரவில்லை. மாலைக்குள் அமைச்சரவை முழுவதும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து காற்றைக் கவ்விக்கொண்டிருந்தது.

கோட்டைக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் எரியவில்லை. நுண்ணுயிர்கள் உயிரோடிருந்த பஞ்சுத் துண்டின் அருகே பேச்சியம்மாள் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். எல்லாம் நீந்தின.

அரசர் தள்ளாடி வந்தார். “பேச்சி, இங்கே சற்று மூச்சு விட்டுக்கொள்ளலாமா?”

“விடுங்க. ஆனா வாய மூடிக்கிட்டு விடணும். சின்னப் பிள்ளைகளப் பாத்தா உங்களுக்குப் பசிக்கும்.” பிறகு சொன்னாள்: “இந்தப் பஞ்சுக்காரங்கள இனிமே அலச மாட்டோம்னு எழுதிக் குடுங்க. வாய்வார்த்தை வேணாம். என் பிள்ளைக உசுரு இவங்க கையில இருக்கு.”

குடிமக்களை மட்டும்தான் அலசக் கூடாது என்றது சட்டத் துறை. அப்படியானால் குடியுரிமை தர வேண்டும். தந்தால் ஓட்டும் உண்டு. தேர்தலோ அடுத்த மாதம். அரசர் தயங்கினார்.

உறிஞ்சியார் காதருகே சொன்னார்: “கொடுத்துவிடுங்கள் மன்னா. கண்ணுக்கே தெரியாத ஜனம், எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒரு நூறு. நன்றிக்கு நமக்கே போடுவார்கள்.”

அரசர் கையெழுத்திட்டார். அலசுவார் இல்லாததால் பஞ்சுக்காரர்கள் பெருகினார்கள். ஒரு மாதத்தில் சோதனைச் சொட்டு மஞ்சளானது. அதையும் தம் சாதனையாக அறிவித்துவிட்டு அரசர் தேர்தலில் நின்றார்.

அவருக்கு ஒன்பது ஓட்டு. பஞ்சு வேட்பாளருக்கு நாற்பத்து மூன்று கோடி.

வென்றவரைப் பதவியேற்பு மேடையில் யாரும் பார்க்கவில்லை. நாற்காலி கொஞ்சம் வழவழப்பாக இருந்தது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அதன் பிறகு அரசாணை இல்லை, உரை இல்லை, விழா இல்லை. மக்கள் சில நாள் பயந்தார்கள்; பிறகு பழகிவிட்டது. உறிஞ்சியார் வழக்கம்போல ஆளுங்கட்சியோடு ஒட்டிக்கொள்ள முயன்றார். எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.

புதிய ஆட்சி எப்படி என்று ஒரு நிருபர் பேச்சியம்மாளைக் கேட்டார்.

“ஆட்சியா? அது இன்னும் நடக்குதா?” என்றாள் அவள். “தண்ணி எரியல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டுப் பிள்ளைகளை எண்ணினாள். இருபத்திரண்டும் இருந்தன.