படத்துக்கு ஓர் அங்குலம் வெளியே

டூசான், அரிசோனா
செப்டம்பர் 29

மிகுந்த மரியாதைக்கும் அன்புக்கும் உரிய தங்கை ஒஃபீலியாவுக்கு,

டெல்பர்ட் அண்ணன் எழுதுவது. இங்கே நானும் க்ளைடும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். குறையெல்லாம் க்ளைடின் வேனுக்குத்தான். நீயும் மகள் வீட்டாரும் மினசோட்டாவின் ஏரிக்காற்றில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வீட்டுக்காரன் ரமீரோ கம்பளிச் சட்டை போட மாட்டேன் என்று அடம்பிடித்தால் நான் போடச் சொன்னதாகச் சொல். அப்போதும் போடமாட்டான், ஆனாலும் சொல்லி வை.

நீ மூன்று முறை தொலைபேசியில் "அண்ணே, படம் எங்க?" என்று கேட்டுவிட்டாய். மூன்று முறையும் கழுவக் கொடுத்திருக்கிறேன் என்றேன். முதல் முறை சொன்னது உண்மை. படங்கள் கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் காகிதத்தை எடுத்தேன்.

நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். முப்பத்தோரு வருடம் ஒரே பணிமனையில் பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் படுத்துக் கிடந்த நானும் க்ளைடும் ரமீரோவும் பாலைவனத்தில் சேர்ந்து நிற்கிற ஒரு படம். புது வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு. "அவரு அங்க வந்து ஏங்குவாரு அண்ணே, ஆனா வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. பாக்கறதுக்காவது ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் மகள் ஊருக்கே குடிபோக நீ அவனுக்கு முன்னால் விமானம் ஏறினாய். நானும் நெஞ்சில் கையை வைத்து, "இதெல்லாம் ஒரு வேலையா தங்கச்சி?" என்றேன். அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதலில் உன் புரிட்டோக்களுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ பச்சை மிளகாய் போட்டு ரொட்டியில் சுருட்டி, உறையவைத்து, எங்கள் வழிச்சாப்பாட்டுக்கென்று விட்டுப்போனாயே, அந்த இருபதையும் நான் ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். பிலிம் சுருள்கள் வெயிலில் வெந்தால் வானம் பீட்ரூட் நிறத்தில் வரும்; ஆகவே ஐஸ் பெட்டிக்குள் பிலிம், பின்சீட்டில் புரிட்டோ. இரண்டாம் நாள் மத்தியானம் ரமீரோ, "என் பொண்டாட்டி கையால பண்ணதுடா, கெட்டெல்லாம் போகாது" என்று நான்கைத் தின்றான். ஹோல்புரூக்கில் ஒரு பகல் முழுவதும் அவனோடு கழிவறைக் கதவு வழியாகத்தான் பேச முடிந்தது. உன் சமையலில் ஒரு தப்பும் இல்லை. அதோடு, கிளம்பின அன்றே மூன்று பேர் கைபேசிகளையும் வாங்கி வேனின் முன்சீட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். "வீட்ல இருந்து கூப்பிட்டா என்னடா பண்றது?" என்றான் க்ளைட். "கூப்பிடட்டும். போன்ல எடுக்கறது படமாடா? அது ரசீது" என்றேன். அப்போது அது எனக்குப் பெரிய வாக்கியமாகத் தோன்றியது.

வெளிச்ச விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். விடிந்ததும் ஒரு மணி நேரம், பொழுது அடைவதற்கு முன் ஒரு மணி நேரம், நடுவில் கேமராவைத் தொடமாட்டேன். உச்சி வெயிலில் ஆளை எடுத்தால் மூக்கின் நிழல் உதட்டில் விழுந்து மீசை வைத்த மாதிரி இருக்கும் என்று விளக்கினேன். "எனக்குத்தான் மீசை இருக்கேடா, எடுத்துத் தொலை!" என்றான் ரமீரோ. நான் எடுக்கவில்லை. சரி, காலையிலும் மாலையிலுமாவது எடுத்தேனா என்றால், அப்போது பாறைகள் அப்படிச் சிவந்து நிற்கும், நடுவில் இரண்டு கிழவர்கள் நின்றால் பொறுக்குமா? "கொஞ்சம் தள்ளுங்கடா, இன்னும் கொஞ்சம், அந்தப் பக்கம் போங்கடா" என்று ஐந்து நாளும் விரட்டினேன். போதாததற்கு வெயில் லென்ஸில் அடிக்காமல் இருக்க ரமீரோ என் பக்கத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அங்குலம் வெளியே உன் வீட்டுக்காரன் நின்றுகொண்டிருக்கிறான், ஒஃபீலியா.

நீ கேட்ட படத்தைக் கடைசி மாலைக்கென்று வைத்திருந்தேன். மானுமென்ட் வேலி பள்ளத்தாக்கு, பின்னால் மூன்று பாறை, முன்னால் மூன்று பேர், தானாக எடுக்கிற விசையை முடுக்கிவிட்டு நானும் ஓடிவந்து நிற்பதாகத் திட்டம். பக்கத்து உணவகத்தில் லவீனா என்ற நவஹோ பழங்குடி அம்மாள் ஆட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் கொண்டுவந்து வைத்து, "சூரியன் ஏழரைக்கு இறங்கும். படம் எடுக்கணும்னா ஏழுக்கே போய் நின்னுக்கங்க" என்றாள். என் கைக்கடிகாரத்தில் மணி ஐந்தரை. அரிசோனாக்காரர்கள் நாம் கோடையில் கடிகாரத்தைத் தொடமாட்டோம், நவஹோ நிலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா? எனக்கு மறந்துவிட்டது. கைபேசிகளோ பூட்டுக்குள். வெயிலுக்காக ஜன்னலெல்லாம் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். க்ளைட் இரண்டு தடவை, "கிளம்பலாமாடா?" என்றான். "உக்காருடா, எவ்வளவோ நேரம் இருக்கு" என்று நான் இன்னொரு தட்டு ஆப்பிள் பை சொன்னேன். கடைசியில் கேமரா முக்காலியும் கையுமாக வெளியே வந்தால் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, பாறையெல்லாம் கறுப்பு. பின்னாலேயே குப்பைக்கூடையோடு வந்த லவீனா என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "டூசானா? உங்க கடிகாரம் தூங்குது தாத்தா. இங்க மணி எட்டு" என்றாள். ரமீரோ வேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

மறுநாள் அவனை விமானம் ஏற்ற ஃபீனிக்ஸுக்குப் போனோம். வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. வண்டி பழுதுபார்த்தே ஓய்வுபெற்ற மூன்று பேர், ஒருவனிடமும் மாற்று பெல்ட் இல்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை மணி. நடைபாதையில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ரமீரோ க்ளைடின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இப்பவாவது எடுடா" என்றான்.

"இந்த வெயில்லயா? இந்த சிமெண்ட் சுவர் முன்னாடியா?"

"சுவர் எப்படி இருந்தா என்னடா? நாங்க இருக்கோமில்ல."

"உன் வீட்ல காலத்துக்கும் தொங்கப்போற படம்டா. இப்படி எடுக்க மாட்டேன்."

கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. அதில் பிலிமும் இருந்தது. அவன் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "சரிடா வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். திரும்பிப் பார்த்தானா என்று தெரியவில்லை, கண்ணாடிக் கதவில் வெயில் அடித்தது. திரும்பும் வழியில் காசா கிராண்டே ஊரைத் தாண்டும்வரை க்ளைட் என்னோடு பேசவில்லை. தாண்டியதும் பேசியதை எழுத முடியாது.

ஆக, ஏழு சுருள். பாறை, கள்ளி, முள்வேலி, ஒரு காக்கை. மனித முகம் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை விழுந்திருக்கிறது. அது ரமீரோவுடையது என்கிறேன் நான், தன்னுடையது என்கிறான் க்ளைட். அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்; அவனை முப்பத்தெட்டு வருடம் பார்த்தவள், நீயே சொல். பாறைகள் மிக நன்றாக வந்திருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவை எங்கும் போகப்போவதில்லை, எப்போது வேண்டுமானாலும் போய் எடுத்திருக்கலாம். போகிறவனை எடுக்காமல் விட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. என் மடத்தனத்தை மன்னித்துவிடு.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள், பேத்தியின் இரண்டு கன்னத்துக்கும் தலா ஒரு முத்தம். முதல் பனி விழும்போது வழுக்காமல் நடக்க உங்கள் எல்லோருக்கும் கடவுள் துணை இருக்கட்டும்.

உன் கால் தூசுக்கும் ஆகாத அண்ணன்,
டெல்பர்ட் ஸ்ட்ரவுட்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே கடிகாரத்தைப் பற்றி எழுதியதை நம்பாதே. பிறந்ததிலிருந்து இந்த மாநிலத்தில் இருக்கிறவனுக்கு அது மறக்குமா? அந்த உணவகத்தில் கல்லாவுக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், நான் எதிரே. மணி ஏழு ஆனதைப் பார்த்தேன். ஏழரை ஆனதையும் பார்த்தேன். ரமீரோ ஏதோ பழைய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். எழுந்துபோய் அந்தப் படத்தை எடுத்துவிட்டால் பயணம் முடிந்தது, அவன் போகவேண்டியதுதான். அதனால்தான் இன்னொரு தட்டு ஆப்பிள் பை சொன்னேன். விமான நிலையத்திலும் வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் கை எழவில்லை. இதை ரமீரோவிடம் சொல்லிவிடாதே. கடிகாரத்தால் கெட்டது என்றே அவன் நினைத்துக்கொண்டு இருக்கட்டும். முட்டாள் என்று என்னைத் திட்டுவதற்காவது அவ்வப்போது கூப்பிடுவான்.