தோழமை மையத்தின் முதல் பயனாளி

இந்திய இளைஞர்களின் ஆரோக்கியம் தெற்கிலிருந்துதான் விடிய வேண்டும் என்று மேலிடம் தீர்மானித்தது. தெற்கே, இன்னும் தெற்கே என்று வந்து, கடைசியில் கடல் குறுக்கிட்டதால் குமரி மாவட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படித்தான் பூதப்பாண்டி தாண்டி மினிபஸ் திரும்புகிற ஓர் ஊரின் சுகாதார நிலையத்துக்கு 'இளையோர் தோழமை மையம்' வாய்த்தது. மையத்துக்கு ஆலோசகராக எட்சன் வாய்த்தார்.

எட்சன் சமூகப்பணியில் முதுகலை படித்தவர். ஞாயிறுதோறும் சர்ச் பாட்டுக்குழுவில் கணீரென்று பாடுகிறவர். வேலைக்காகச் சென்னையில் பயிற்சி பெற்றபோது உடலுறுப்புகளையும் கருத்தடை முறைகளையும் ஆங்கிலத்தில் கூச்சமின்றிச் சொல்லிப் பாராட்டும் வாங்கினார். திரும்பி வரும்போது ரயில் ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் அவருடைய வாய்மொழி நின்றுவிட்டது. தமிழில் அத்தனைக்கும் சேர்த்து 'அது', 'இது' என்பவை மட்டுமே அவர் கைவசம் இருந்தன. 'அது'வைச் சொல்லும்போதும் குரல் கம்மியது.

திறப்பு விழாவுக்கு முன்பு பெயர்ப்பலகைக்காக ஆலோசனைக் கூட்டம் நடந்தது. திட்டத்தின் முழுப்பெயரில் 'இனப்பெருக்க நலம்' என்று இருந்தது. வட்டார அதிகாரி பகவதியப்பன் முகம் சுளித்தார்.

"இதப் போர்டுல எழுதினா மாட்டாஸ்பத்திரின்னு நெனச்சு பசுவப் பிடிச்சுக்கிட்டு வருவான்."

"அப்பம் என்ன சார் போடலாம்?" என்றார் எட்சன்.

"ஒண்ணும் போடாண்டாம். புரியுறவன் புரிஞ்சுக்கிடுவான்."

இதைத் 'தொலைநோக்கு' என்று கூட்டக் குறிப்பில் எழுதியவர் எட்சன்தான். புரிந்துகொண்டு வந்த இளைஞர்கள் எல்லாரும் போட்டித் தேர்வுக்கு இங்கே கோச்சிங் உண்டா என்று கேட்டார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கு நெஞ்சளவு எடுத்துத் தருவீர்களா என்று ஒருவன் சட்டையைக் கழற்றினான். பிறகு அவர்களும் வரவில்லை. 'இப்பகுதி இளையோருக்குப் பிரச்சினை எதுவும் இல்லை' என்று எட்சன் மாதந்தோறும் அறிக்கை அனுப்பினார். மேலிடம் மகிழ்ந்தது.

நிர்வாகம் இப்படிச் சீராக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காலையில் அபிதா வந்து கெடுத்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். கணவன் விபின் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவள் நாகர்கோவிலில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரர்களின் வரிசையில் நின்று, ஊருக்காகக் கொஞ்சம் இருமியும் காட்டிவிட்டு, முறை வந்ததும் உதவியாளர் கோலப்பனிடம் தாழ்ந்த குரலில் மையத்துக்கு வழி கேட்டாள். கோலப்பன் கடமையில் குறை வைக்காதவர்.

"சாரே, ரகசிய ஆலோசனைக்கு ஒரு பிள்ள வந்திருக்கு" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூவினார். வரிசை மொத்தமும் காய்ச்சலை மறந்து திரும்பிப் பார்த்தது.

அபிதா உள்ளே வந்ததும், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். தாமதித்தால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சார், எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதுவர பிள்ள வேண்டாம்னு நெனைக்கேன். அதுக்கு என்ன செய்யணும்?"

எதற்காக எட்சனை நியமித்தார்களோ அதே கேள்வி. அதனாலேயே அவர் கதிகலங்கிப் போனார். பதில் அவருடைய முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரிக்குள் மாத்திரையாகவும் உறையாகவும் அடுக்கப்பட்டிருந்தது. சாவி அவருடைய பாக்கெட்டில் கிடந்து தொடையைக் குத்தியது.

"நல்ல கேள்வி" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். "பொதுவா… சத்தா சாப்பிடணும். பொறவு, கை சுத்தம் முக்கியம்."

சுவரில் கை கழுவும் முறை படம் படமாக ஒட்டியிருந்தது. அந்த அறையில் அவரால் பெயர் சொல்ல முடிந்த ஒரே உறுப்பு அதுதான். எழுந்து போய் விரலிடுக்குவரை விளக்கினார்.

அபிதா பொறுமையாகக் கேட்டாள். "கை கழுவினா பிள்ள வராதா சார்?"

"நோய் வராது."

"நான் நோயக் கேக்கல்ல சார்."

"தெரியும்" என்றார் எட்சன். தெரிந்ததுதான் கொடுமை. "ஒண்ணு செய்யி. அடுத்த தடவ மாமியாரையும் கூட்டிக்கிட்டு வா. குடும்பமா இருந்து பேசுவோம்."

அவர் நீட்டிய சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு அபிதா போனாள். பக்கத்துக் கட்டடத்தில் நர்ஸ் ஷெர்லி இருந்தார். அவரிடம் அனுப்பியிருக்கலாம், எதற்கு என்று சொல்ல வேண்டி வருமே. கை கழுவுவது எப்படி என்று எட்சன் அன்றைக்குச் செயல்முறையிலேயே காட்டிவிட்டார்.

வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "கருத்தடை மாத்திரை" என்று சொல்லிப் பார்த்தார். தெளிவாகவே வந்தது. குழாயைத் திறந்து வைத்திருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. தன்மேல் அவருக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. இருந்ததிலும் கொஞ்சம் அன்று தண்ணீரோடு போயிற்று. அவள் திரும்ப வந்தால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். அவள் வரவில்லை.

ஆண்டு விழா வந்தது. நிதி கொடுத்தவர்கள் நேரில் வருவதாகத் தகவல்.

"மேடையில பேச ஒரு பயனாளி வேணும்" என்றார் பகவதியப்பன்.

மையத்தின் சரித்திரத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். எட்சன் அவள் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அபிதாவுக்கு வயிறு மேடிட்டிருந்தது. மாமியார் பூங்கனி உட்காரச் சொல்லிச் சாயா கொடுத்தாள்.

"படிப்பு?" என்று எப்படியோ கேட்டார்.

"நிறுத்தியாச்சு. இந்த வாந்தியோட பஸ்ஸேறிப் போவ முடியுமா?" என்றாள் பூங்கனி. "விழாவுக்கு நாங்க ரெண்டு பேரும் வாறோம் சாரே. ஒங்களுக்கு நன்றி சொல்லணும்லா."

அபிதா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விழாவில் மருமகளுக்கு முன்பே பூங்கனி மைக்கைப் பிடித்தாள்.

"எம் மருமவ ஏதோ கேக்கப் போனாளாம். வேற ஆராவது இருந்திருந்தா வேண்டாத்ததெல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாவ. இந்த சாரு நல்ல குடும்பத்துப் பிள்ள. வாயே தொறக்கல்ல. அதனாலயாக்கும் நான் பேரப்பிள்ளையக் காணப் போறேன்."

அரங்கம் கைதட்டியது. 'நேரடிப் பயன்' என்று பகவதியப்பன் விருந்தினரின் காதில் மொழிபெயர்த்தார். மேடையில் இருப்பவர் சும்மா இருப்பது மரியாதை இல்லை என்பதால் எட்சனும் தட்டினார்.

"ஆம்பளப் பிள்ளையின்னா சாருக்க பேருதான் வைக்கணும்" என்று முடித்தாள் பூங்கனி.

அபிதா எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பேரு வேண்டாம் மாமி. எம்பிள்ள வாய் தொறந்து பேசணும்."