கல் படித்த பெண்ணும் தவளை அறுத்த பையனும்

கர்த்தருக்குள் பிரியமான தங்கை கொரினுக்கு, அக்கா வெர்னா அன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தான் டுவேனும் தேவ கிருபையால் சுகம். ஏப்ரல் பிறந்தும் வாசலில் பனி கிடக்கிறது, அத்தானுக்கு முதுகு பிடித்திருக்கிறது, மற்றபடி சொல்லும்படி ஒன்றுமில்லை. அங்கு நீயும் உன் வீட்டுக்காரரும், டாக்டராகப் போகிற உன் மகள் லினியாவும் அவ்வண்ணமே சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய், அதனால்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை கிடையாது. கிறிஸ்துமசுக்கு ஊருக்கெல்லாம் அச்சடித்து அனுப்பினாயே உன் வருஷக் கடிதம், அது முழுக்க லினியாவுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த கதையாகவே இருந்ததே, அதைப் படித்து நான் சந்தோஷம்தான் பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சுத்தியலும் கையுமாக ஏரிக்கரையில் கல்லைத் தட்டிக்கொண்டு திரிந்த பெண் அவள்! கல்லும் மண்ணும் படிக்கப் போறாளாம், இனி எங்கே டாக்டராவது என்று நீ மூக்கைச் சிந்தினப்போ, 'விடுடி, அவ தலையெழுத்து'ன்னு உன் முதுகைத் தடவிக் கொடுத்தவ நான். தடவிக்கிட்டே மனசுக்குள்ள கொஞ்சம் குளுகுளுன்னு இருந்துச்சுங்கிறது வேற விஷயம். இப்பப் பார்த்தா, நேர்காணல்ல பெரிய பெரிய டாக்டர்மாரெல்லாம் அவ கல்லைப் பத்தியே கேட்டுக் கேட்டு வாயைப் பொளந்துட்டாங்களாம். என் மகன் கேலனுக்குப் பழைய காலத்து வைத்தியர் ஒருத்தர் பேராப் பார்த்து வச்சேன், ஒழுங்கா உயிரியல் வகுப்புக்குப் போறான். டாக்டராகணும்னா உயிரியல்தானே படிக்கணும், நியாயமா? ஆனா டாக்டர் கனவோட வர்ற பிள்ளைங்க அத்தனையும் அதையேதான் படிக்குது, கூட்டத்துல இவன் தலையே தெரியல. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கீழ்த்தளத்துல காபி குடிச்சிக்கிட்டிருக்கேன், பாஸ்டர் சம்சாரம் வந்து, "தங்கச்சி மகளை நினைச்சா உங்களுக்குப் பெருமையா இருக்குமே வெர்னா?"ன்னு கேக்குறா. "இல்லாம பின்ன?"ன்னு சொல்லிக் காபியை ஒரே மடக்கா விழுங்கினேன், தொண்டை வெந்துபோச்சு.

வீட்டுக்கு வந்த கையோட கேலனுக்குப் போன் போட்டேன். ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க எல்லாம் மருத்துவக் கல்லூரிக்கு முன்னாடி எந்தப் பாடத்துல பட்டம்னு இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுத்துடணும், அப்புறம் மாத்துறது பெரும்பாடு, உனக்குத்தான் தெரியுமே. "டேய், எல்லாரும் ஏறுற வண்டியில நீயும் ஏறினா உன்னை யாருடா திரும்பிப் பார்ப்பா? யாரும் எடுக்காத பாடமாப் பார்த்து எடு"ன்னேன். அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை, முதல்ல தத்துவம்னான். சரின்னு நானும் பூரிச்சுப் போனேன். ஈஸ்டர் அன்னிக்கு அடுப்புல வாட்டின பன்றித்தொடையை மேசையில கொண்டு வச்சு, உங்க அத்தான் கத்தியை எடுக்கிறாரு, இவன் கேக்குறான்: "அப்பா, இது பன்றித்தொடைதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கல. "சந்தேகமா இருந்தா நீ உருளைக்கிழங்கு சாப்பிடு"ன்னுட்டாரு. தத்துவம் அதோட போச்சு. அப்புறம் இசைன்னு ஒரு ட்ரம்போனை இரவல் வாங்கிட்டு வந்து லீவு முழுக்க ஊதினான். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட ஆரம்பிச்சது. "டிராக்டர்ல கொஞ்சம் வேலையிருக்கு"ன்னு அத்தான் கொட்டகைக்குப் போனவர், சாப்பாட்டுக்குக்கூட உள்ள வரல. இந்தப் பனியில டிராக்டருக்கு என்னடி வேலை?

இது சரிப்படாது, நேர்ல போய்க் கேட்டுடலாம்னு எலுமிச்சை போட்ட லெமன் பார் பலகாரம் ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கிட்டு, சறுக்குற ரோட்டுல உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு வண்டி ஓட்டி, கேலனும் உன் மகளும் சேர்ந்த அந்தக் கல்லூரிக்கே போனேன். டாக்டராகப் போற பிள்ளைங்களுக்கு வழி சொல்றதுக்குன்னே அங்க ஒரு அம்மா இருக்கே, ப்ரெக்கேன்னு, அந்தம்மா முன்னாடி கேலனையும் இழுத்துட்டுப் போய் உட்கார வச்சேன். அவன் சட்டைக் காலருக்குள்ள முகத்தைப் புதைச்சிக்கிட்டான். அந்தம்மா பொறுமையாத்தான் சொல்லுச்சு. "எந்தப் பாடம் படிச்சாங்கன்னு மருத்துவக் கல்லூரியில பார்க்கிறதில்லைங்க. வேதியியல், இயற்பியல், உயிரியல்னு அவங்க கேக்குற வகுப்புகளை முடிச்சிருக்கணும், அவ்வளவுதான். மத்தபடி தம்பிக்கு எது பிடிக்குதோ அதைப் படிக்கட்டும். பிடிச்சதைப் படிச்சாத்தான் மார்க்கும் வரும்."

"பிடிச்சது இருக்கட்டும்மா, பலிச்சது எது, அதைச் சொல்லுங்க. என் தங்கச்சி மகளுக்கு என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"அடுத்த பிள்ளையைப் பத்தி நான் பேசக்கூடாதுங்க. ஆனா, யார் வந்து கேட்டாலும் நான் சொல்றது இது ஒண்ணுதான்."

நம்புற மாதிரியா இருக்கு? ஏதோ உள்குத்து இருக்குன்னு எனக்குத் தோணிப்போச்சு. தட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வண்டியில ஏறினதும் கேலன் மெதுவா ஆரம்பிச்சான். "அம்மா, எனக்கு உயிரியல்தான் பிடிச்சிருக்கு. அன்னிக்குத் தவளையை அறுத்தோம். இதயத்தைத் தனியா எடுத்து வச்சப்புறமும் அது துடிச்சிக்கிட்டே இருந்துச்சும்மா. எல்லாரும் கைகழுவிட்டுப் போயிட்டாங்க, நான் மட்டும் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்."

"ஊருக்கே பிடிச்சதுதான் உனக்கும் பிடிச்சுத் தொலையணுமாடா?"ன்னேன். லெமன் பார் ஒண்ணுகூட எடுத்துக்காம இறங்கிப் போயிட்டான்.

போகட்டும். சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும். நான் முடிவு பண்ணிட்டேன். எந்தக் கல்லு உன் மகளுக்கு வழிவிட்டுச்சோ அதே கல்லு என் மகனுக்கும் வழிவிடட்டும். கேலனும் கல் படிப்பையே எடுக்கப் போறான், அவன்கிட்ட இன்னும் சொல்லலை. ஆகவே, இக்கடிதம் கண்டதும் லினியாவின் பழைய பாடக் குறிப்புகளையும், அந்தச் சுத்தியலையும், நேர்காணலுக்கு அவள் எந்த நிறத்தில் கோட்டுப் போட்டிருந்தாள் என்ற விவரத்தையும் தாமதமின்றி அனுப்பி வைக்கவும். சொந்த அக்காவுக்கு இதைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால், பொறாமை யாருக்கு என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

கர்த்தர் உன் வீட்டு வாசலையும் அடுப்படியையும் ஆசீர்வதிப்பாராக. உன் வீட்டுக்காரருக்கு அத்தானின் வாழ்த்துகள். டாக்டரம்மாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
பொறாமை என்பதையே அறியாத உன் அக்கா,
வெர்னா

பின்குறிப்பு: புதன்கிழமை எழுதினதைத் தபால்ல போடுறதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. மத்தியானம் கேலன்கிட்டயிருந்து சேதி: 'உயிரியல்னு எழுதிக் கொடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்கம்மா.' கோவிச்சுக்கலாம்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்றேன், வாசல்ல கார் வந்து நிக்குது. உன் மகள். உன் வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கா, எங்க ஊர் வந்ததும் அதுக்கு மேல ஓட்டத் தைரியமில்லாம இங்க திரும்பிட்டா. வந்ததுலயிருந்து அழுகை. அவளுக்கு டாக்டர் படிப்பு வேணாமாம். இடம் வேணாம்னு எழுதியே கொடுத்துட்டா. பாறை ஆராய்ச்சிக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் போறாளாம். "பிடிச்சதைப் படின்னு சொன்னாங்க பெரியம்மா. படிச்சேன். பிடிச்சுப் போச்சு"ங்கிறா. கிறிஸ்துமஸ்லயிருந்து நான் காத்துக்கிட்டிருந்த சேதி இது. வந்து வாசல்ல நிக்குறப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "அம்மாகிட்ட நேரா போய்ச் சொல்லேண்டி"ன்னேன். "அம்மா என்னைத் திட்டுறதுக்கு முன்னாடி, 'இனி உங்க பெரியம்மா சிரிப்பாளே'ன்னுதான் அழுவாங்க"ங்கிறா.

நான் சிரிக்கல கொரின். சத்தியமா சிரிக்கல. சூப்பு வச்சுக் கொடுத்தேன், ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சா, இப்ப கேலன் கட்டில்ல படுத்துத் தூங்குறா. நாளைக்குக் காலையில இந்தக் கடிதத்தை அவ கையிலயே கொடுத்தனுப்புறேன். மேல எழுதினதைக் கிழிச்சுப் போடத்தான் நினைச்சேன், வேணாம்னு விட்டுட்டேன். முதல்ல நீ உட்கார்ந்து அதையெல்லாம் படிச்சு, என்னை நினைச்சு வயிறு வலிக்கச் சிரி. சிரிச்சு முடிச்சப்புறம் பிள்ளைகிட்ட பேசு.