ரெட் டேக் அக்காவுக்கு வந்த வரன்

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் அவருடைய கம்பெனியின் கடனையும் வசூலையும் விசாரித்த பெண் எங்கள் ரெட் டேக் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அக்கா எங்கள் ஃபேக்டரி லைனில் குவாலிட்டி செக்கிங். பழுதான பீஸில் சிவப்பு அட்டை கட்டி ஓரங்கட்டுவதுதான் வேலை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பெயர் வந்திருக்காது. கேன்டீன் சாம்பார், சூப்பர்வைசரின் புது மீசை, கம்பெனி பஸ்ஸில் ஓடும் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் "ரெட் டேக்!" என்பாள். 'நல்ல பீஸ்' என்று சப்ளையர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் சர்டிஃபிகேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"அவன் பொண்ண அவனே அசிங்கம்னா சொல்லுவான்? பீஸ எடு, பாக்கலாம்."

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் கிடந்த எனக்கு, பஸ்ஸில் பக்கத்து சீட் அவள்தான். பென்னலூரில் ஏறுவாள். அதற்கப்புறம்தான் எனக்குப் பொழுது விடியும்.

அப்போதுதான் அந்த வரன் வந்தது. மாப்பிள்ளை வேறு மாநிலத்தில், வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். கல்யாணம் ஆனால் அக்கா அங்கே போய்விடுவாள். அந்தக் கம்பெனிக்கு ஏதாவது தீராத வியாதி இருக்கக் கூடாதா என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். அக்காவோ தபால் வழியில் பி.காம். முடித்தவள். அந்தக் கம்பெனியின் கணக்கைச் செல்போனில் இறக்கி, போகும்போதும் வரும்போதும் படித்தாள்.

"லாபம்னு போட்டுகீறான்டி. ஆனா கவர்மென்ட்டு தர வேண்டிய மானியம் இன்னும் கைக்கே வரல. அதையும் சேத்துத்தான் லாபம்."

"அப்போ ரெட் டேக்காக்கா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"சும்மா கெட. இது சர்டிஃபிகேட்டு. பீஸு ஞாயித்துக்கெழமதான் வருது."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு நானும் போனேன். மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைக் கடித்தபடி பெருமையடித்தார்.

"கரண்ட் இல்லாம எவன் இருப்பான்? எங்க பையன் கம்பெனி ஆயுசுக்கும் லாபம்தான்."

அக்கா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"ஏங்க, வாங்கற கரண்ட்ல எவ்ளோ வழியிலயே வீணாப் போவுது? பில்லு போட்டதெல்லாம் வசூலாவுதா? பழைய கடனுக்கு வட்டி கட்ட புதுசா கடன் வாங்கறீங்களா?"

அக்காவின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"பாடத் தெரியுமானு அவங்க கேக்கணும்டி! நீ இன்னாடி ஆடிட்டு பண்ணிகினு கீற?"

மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. அப்பாவைப் பார்த்தார், பஜ்ஜியைப் பார்த்தார். பிறகு மெல்ல வாயைத் திறந்தார்.

"நெறைய வீணாப் போகுதுங்க. பெரிய பெரிய ஆபீஸுங்களே பில் கட்டறதில்ல. வட்டிக்கும் கடன்தான் வாங்கறோம். போன மாசம் சம்பளமே லேட்டுங்க."

அவருடைய அப்பாவுக்குப் புரையேறியது. வரன் முறிந்தது என்று எனக்கு ஒரே குஷி. அக்கா என் காதருகே குனிந்தாள்.

"கம்பெனி ரெட் டேக்டி. ஆனா பொண்ணு பாக்க வந்த எடத்துல சம்பளம் லேட்டுன்றான் பாரு... இந்த ஆளு ஓகே."

தை பிறந்ததும் கல்யாணம். மேளச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

இப்போது பக்கத்து சீட்டில் ஒரு புதுப் பெண். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிடுகிறாள். அக்கா எப்போதாவது போன் செய்வாள். கம்பெனி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இஸ்துகினு கீது" என்பாள். அவர் எப்படி என்று கேட்டால் மட்டும் சிரிப்பாள். அவள் குரலைக் கேட்டுவிட்டால் அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடாது.

அந்தக் கம்பெனி நஷ்டத்தில் தவிக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம், அக்கா பெட்டியோடு பென்னலூர் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை. உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அந்தக் கம்பெனி நன்றாகவே இருக்கட்டும். அவருக்கு மட்டும் ஒரு வாரம் லீவு கொடுக்கட்டும். கூடவே அவளும் வருவாள்.