அழுகைக்கு ஒரு தரச்சான்று

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த உருப்படியான காரியம், அசாபா நகரில் ‘திரைத் தர உயர்வு மன்றம்’ தொடங்கியதுதான். நான் அதன் செயலாளர் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். செயலாளர் ஆகாமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது.

அதற்கு முன் நான் படங்களில் பிணமாக நடித்துக்கொண்டிருந்தேன். நைஜீரியப் படங்களில் பிணத்துக்கு என்றுமே வேலை உண்டு. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டேன். அதைப் பார்த்துத்தான் மன்றத் தலைவர் சீஃப் எமோர்டி, “ஒபியோரா, நீ கமிட்டிக்குன்னே பொறந்தவன்யா” என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். சீஃப் என்பது குலப் பட்டம்; தொழில் சிமென்ட் வியாபாரம். சிமென்டில் சம்பாதித்ததைச் சினிமாவில் விட்டவர். ஆகவே கலையைப் பற்றிப் பேச முழுத் தகுதி உடையவர்.

ஆப்பிரிக்கப் படங்கள் ஏன் உலகத் தரத்தை எட்டவில்லை என்பதே முதல் கூட்டத்தின் பொருள். குளிரூட்டிய ஓட்டல் அறையில், மிளகு போட்ட ஆட்டுச் சூப்பைக் குடித்துக்கொண்டே ஆராய்ந்தோம்.

“எல்லாப் படத்துலயும் ஒரே வீடுதான் வருது” என்றார் ஒருவர்.

அது சீஃப் வாடகைக்கு விடும் வீடு. அந்தக் குறை தள்ளுபடி ஆனது.

“காதல் காட்சியில ஜெனரேட்டர் சத்தம் கேக்குது.”

ஜெனரேட்டர் சீஃபின் மைத்துனருடையது. தள்ளுபடி.

“ஒரே வாரத்துல முழுப் படத்தையும் எடுத்து முடிச்சிடறாங்க.”

சீஃப் இருமினார். அதுவும் தள்ளுபடி.

கடைசியில் அங்கே இருந்த யாருக்கும் சொந்தமில்லாத ஒரே ஒரு குறை மிஞ்சியது: அழுகை. நம் நடிகர்கள் சத்தமாக அழுகிறார்கள். உலகத் தரத்துக்குக் குறுக்கே நிற்பது இதுதான் என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தோம்.

இதைச் சரிசெய்ய டென்மார்க்கிலிருந்து லார்சன் என்ற ஆலோசகரை வரவழைத்தோம். நல்ல மனிதர். வெயிலில் இறால் மாதிரி சிவந்துபோவார். அவர் வகுத்துக் கொடுத்த தரம் எளிமையானது: ஒரு கண், ஒரு துளி, மூடிய வாய், ஜன்னல் வழியே ஒரு பார்வை. இதில் தேறியவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இல்லாதவர்கள் எந்தப் படத்திலும் அழக்கூடாது.

முதலில் பரீட்சைக்கு வந்தவர் எக்வுதோசி. அசாபாவில் எடுத்த படங்களில் யார் செத்தாலும் அழுகிறவர் அவர்தான். அவர் தலையில் கைவைத்துத் தரையில் விழுந்தால், முடி பின்னும் கடைகளில் எல்லோரும் டிவியையே பார்க்க, பின்னல் பாதியில் நின்றுவிடும். கணவர் நைஜர் ஆற்றில் படகு கவிழ்ந்து போன நாளில் அழத் தொடங்கியவர். பிறகு அதற்கே சம்பளம் கிடைத்ததால் நிறுத்த அவருக்கு நேரம் வரவில்லை. மூன்று பிள்ளைகள் அந்த அழுகையில்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

லார்சன் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். “அக்கா, ஒரு கண்ணுல மட்டும் தண்ணி வரணுமாம்.”

“இன்னொரு கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?”

“துக்கத்தை உள்ளேயே வெச்சிருக்கணுமாம்.”

“உள்ளே வெச்சா எனக்கு வாயு புடிச்சுக்கும்.”

“செத்தது உங்க புருஷன். நீங்க ஜன்னல் வழியா வெளிய பாக்கணும்.”

“எதுக்கு? திரும்பி வர்றாரான்னா?”

‘தேறவில்லை’ என்று எழுதினோம். பாதி எடுத்திருந்த படத்திலிருந்து அவரை நீக்கிவிட்டு, ஜன்னலை நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஒரு வங்கி மேலாளரின் மகளைப் போட்டார்கள். எக்வுதோசி பேருந்து நிலையத்தருகே தட்டைப்பயறு வடை சுட்டு விற்க ஆரம்பித்தார். ஒரு நாள் வடை வாங்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன்டா ஒபியோரா, நீ படத்துல செத்தப்பல்லாம் உன் மேல விழுந்து அழுதது யாரு?”

“நீங்கதான் அக்கா.”

“அப்போ எந்திரிச்சு, தரம் சரியில்லன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“செத்துக்கிடந்தேனே அக்கா, எப்படிச் சொல்றது?”

அவர் சிரிக்கவில்லை. வடைக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அரிந்த வெங்காயத்தின் பக்கம் ஒரு கண்ணை மட்டும் சாய்த்து வைத்துப் பார்த்தார். அடுத்த பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். லார்சன் கைதட்டினார். அந்தச் சான்றிதழோடு அவர் அழுத படம் வெளிவந்தபோது, அவர் கண்ணில் தூசி விழுந்ததாக மக்கள் நினைத்துக்கொண்டார்கள். மக்களின் தரத்தை உயர்த்துவது மன்றத்தின் அடுத்த கட்டம் என்று குறித்துக்கொண்டோம்.

இந்நிலையில் சீஃபின் அப்பா காலமானார். தொண்ணூறைக் கடந்த பெரியவர். பந்தல்கள் எழுந்தன, உறவினர் அனைவருக்கும் ஒரே நிறத்தில் துணி தைக்கப்பட்டது, பித்தளை வாத்தியக் குழு வந்தது, விருந்துக்கு மாடு வெட்டப்பட்டது. மன்றத்தின் புதுக் கேமராவில் பதிவுசெய்ய ஏற்பாடு.

“தலைநகர்லேர்ந்து பெரிய மனுஷங்க வர்றாங்க. தரமா அழணும்” என்று சீஃப் உத்தரவிட்டார். குலத்துப் பெண்களுக்கு முந்தின நாளே பயிற்சி கொடுத்தோம். முன்வரிசையில் எக்வுதோசியை நிறுத்தினோம்.

சவப்பெட்டி திறந்தது. பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பந்தலில் ஜன்னல் இல்லாததால் எக்வுதோசி ஜெனரேட்டரைப் பார்த்தார். இடது கண்ணில் ஒரு துளி, அப்பழுக்கில்லாமல் இறங்கியது. அவ்வளவு தரமான அமைதியை நான் எந்த இழவிலும் கண்டதில்லை.

சீஃபின் சித்தப்பா கைத்தடியைத் தரையில் ஊன்றினார். “என் அண்ணன் யார் குடியைக் கெடுத்தான்? ஒரு நாய்கூட ஊளையிடலியே.”

பந்தலில் முணுமுணுப்புப் பரவியது. சீஃப் வியர்த்துப்போய் எக்வுதோசியின் காதருகே குனிந்தார்.

“பழைய மாதிரி அழும்மா.”

“எந்த மாதிரி சீஃப்?”

“அதான், தரமில்லாம.”

“சான்றிதழ் போயிடுமே.”

“வேற தரேன். அழு.”

“உங்கப்பாவை நான் பாத்ததே இல்ல சீஃப். முன்னெல்லாம் யாரு செத்தாலும் எனக்கு என் வீட்டுக்காரர்தான் தெரிவாரு, அழுவேன். இப்போ ஜெனரேட்டர்தான் தெரியுது. நீங்க அழுங்களேன். உங்கப்பாதானே?”

சீஃபுக்கு இப்படி ஒரு வழி இருப்பது அதுவரை தோன்றவில்லை போலும். பெட்டிக்குள் பார்த்தார். “பப்பா” என்று மெல்லக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு அந்தப் பெரிய உடம்பு அப்படியே மண்ணில் சரிந்தது. இரண்டு கண், மூக்கு, வாய் எல்லாம் ஒழுகின. பட்டத்துச் சிவப்புத் தொப்பி உருண்டோடியது. “சைக்கிள்ல சேனைக்கிழங்கு கட்டி வித்து என்னைப் படிக்க வெச்சியே பப்பா” என்று வந்திருந்த அமைச்சர்கள் முன்னிலையில் கதறினார்.

எக்வுதோசி அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். அவருடைய பழைய குரல் கிளம்பியது. அவர் கூப்பிட்டது பெரியவரின் பெயரை அல்ல, ஆற்றில் போன தன் கணவரின் பெயரை. குலத்துப் பெண்கள் அனைவரும் பயிற்சியை மறந்தார்கள். வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுகிறவர் வாயிலிருந்து கருவியை எடுத்துவிட்டு அழுதார். செயலாளர் அழலாமா என்று விதியில் இல்லாததால் நானும் அழுதேன்.

அந்த வாரமே ஒரு தயாரிப்பாளர் வடைக் கடைக்கு வந்து, மன்றத்தைக் கேட்காமலேயே எக்வுதோசியை ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தப் படம் ஓடுவதால் எங்கள் ஊரில் முடி பின்னும் கடைகளில் இப்போது வேலை நடப்பதில்லை.

நாங்கள் சோர்ந்துவிடவில்லை. லார்சன் ஊர் திரும்பிய பின் எல்லாப் பதிவும் அவருக்குத்தான் போகும்; அந்த வழக்கப்படி, மன்றத்தின் கேமரா பிடித்த இழவுப் பதிவை, இன்னார் என்று குறிப்பிடாமல் டென்மார்க்குக்கு மதிப்பீட்டுக்கு அனுப்பினோம். மண் அப்பிய முகத்தை அடையாளம் காணாத லார்சனின் பதிலை அடுத்த கூட்டத்தில் நான் வாசித்தேன்: “தொப்பிக்காரரின் நடிப்பு மிகை. தந்தையை இழந்தவராக நம்ப முடியவில்லை. தேறவில்லை.”

எல்லோரும் சீஃபைப் பார்த்தோம். சூப் ஆறிக்கொண்டிருந்தது.

“அவருக்குத் தெரியாததா?” என்றார் சீஃப். “கொஞ்சம் மிகையாத்தான் போயிடுச்சு.” அந்த மதிப்பீட்டை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்.

அசாபாவில் ஒரு மகன் தன் அப்பனுக்காக அழுதது உண்மையல்ல என்று கோபன்ஹேகனிலிருந்து ஒருவர் சொல்ல, அழுத மகனே அதை வழிமொழிய, மன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. இதற்கு மேல் எங்கள் தரம் உயர இடமில்லை.