லேசான வலி

'அக்டோபர் 14, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வாராந்திரக் காயப் பட்டியலில் கீஷான் ட்ரூவிட் பெயருக்கு நேரே, "இடது முழங்கால், ஜவ்வு பாதி கிழிந்துள்ளது, ஆறு வாரம் ஓய்வு" என்று எழுதிவிட்டேன். டாக்டர் சொன்னது அதுதான். ஆனாலும் தவறு. கோச் ராங்கின் திருத்தினார். இனிக் கவனமாக இருக்க வேண்டும்.'

மனித குலத்தின் கருணை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று அறிய விரும்புபவர்கள் அலபாமாவின் பிராக்டன் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு வர வேண்டும். அங்கே, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை ஆடும் மாணவனின் முழங்காலுக்கு இருபது லட்சம் டாலர் காப்பீடு உண்டு. முழங்காலுக்கு மேலே இருக்கிற மாணவனைப் பற்றிப் பத்திரத்தில் ஒன்றும் இல்லை. அவன் சும்மா கூட வருபவன்.

காயத்தால் அவன் ஏப்ரல் மாதம் நடக்கும் தொழில்முறை அணித் தேர்வில் விடுபட்டால், இழந்த சம்பாத்தியத்தைக் காப்பீட்டு நிறுவனம் தரும். ஒரே நிபந்தனை, காயத்தை ஏழு நாளுக்குள் உள்ளபடி தெரிவிக்க வேண்டும். இந்தச் சிரமத்தைக்கூட மாணவனுக்கு வைக்காமல் துறையே ஏற்றுக்கொண்டது. வாராவாரம் காயப் பட்டியலின் பிரதி நிறுவனத்துக்குப் போகும். அதே பட்டியல் பத்திரிகைக்கும், அதன் வழியே எதிர் அணிக்கும் போகும். எதற்கு இரண்டு பட்டியல்?

பட்டியல் எழுதுபவள் லெனோரா பிக்கன்ஸ். இருபத்துமூன்று வயது. பகலில் துறை அலுவலகம், மாலையில் காப்பீட்டு வகுப்பு. வகுப்பு ஆசிரியர் நாட்குறிப்பு எழுதச் சொன்னார் என்பதால் எழுதுகிறாள். எதையும் மூன்று முறை சரிபார்ப்பாள். பிறகும் தன் மேல்தான் சந்தேகப்படுவாள். கெட்டுப்போன படிவங்களை எறியாமல் நாட்குறிப்பின் பின்பக்கத்தில் ஒட்டி, மேலே 'என் தவறுகள்' என்று எழுதி வைத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராங்கின் படிவத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏம்மா, சனிக்கிழமை யாரோட ஆடறோம்?"

"டெல்மாரோட, கோச்."

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப இதை அவங்களுக்கு லெட்டராவே போட்டிருக்கலாமே. 'லேசான வலி, ஆடுவார்'னு மாத்து."

"டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரே."

"திரும்பப் போடுவாரு. நல்ல பேனாவா கொடு."

லெனோரா தயங்கினாள். "இதே பட்டியல்தான் காப்பீட்டுக் கம்பெனிக்கும் போகுது, கோச்."

"அவங்க என்ன, சனிக்கிழமை நம்ம கூட ஆடவா போறாங்க?"

துறையில் அனுமதிக்கப்பட்ட காயங்கள் இரண்டே. 'லேசான வலி', 'நாளுக்கு நாள் முன்னேற்றம்'. போன வருடம் ஒருவன் இடுப்புவரை மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவனுக்குத் தொடர்ந்து ஒன்பது வாரம் முன்னேற்றம். இப்படி ஓர் ஆரோக்கியமான அணியைத் தென் மாநிலங்கள் கண்டதில்லை.

மறுநாள் கீஷான் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான். பந்தை மார்போடு அணைத்து ஓடினால் மூன்று பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியாதவன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான்.

"மிஸ் லெனோரா, நீங்க இன்சூரன்ஸ் படிக்கிறீங்கல்ல. நான் ஆடலாமா?"

"டாக்டர் ஆறு வாரம்னாரு."

"கோச் சொல்றாரு, இருபது லட்சத்துக்கு எழுதியிருக்கு, என்னடா பயம்னு. ஆடாம இருந்தா பயந்தாங்கொள்ளின்னு பேராகிடுமாம். அந்தப் பேருக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம்."

"நீ என்ன சொன்னே?"

"'யெஸ் சார்'னேன். வேற என்ன சொல்றது?" எழுந்து நின்றான். "எங்கம்மா கிட்ட கேட்டா கால் முக்கியம்பாங்க. அதான் கேக்கலை."

லெனோரா மேசைமேல் இருந்த படிவங்களை அடுக்கத் தொடங்கினாள். பாதி படித்தவள் தப்பாகச் சொல்லிவிட்டால்?

சனிக்கிழமை அவன் ஆடினான். ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் யாரும் தொடாமலேயே விழுந்தான். எழுபதாயிரம் பேர் பதினோரு விநாடி மௌனம் காத்தார்கள். பிறகு பாண்டு வாத்தியம் முழங்கியது. பிராக்டன் வென்றது. அடுத்த வாரப் பட்டியலில் கீஷானுக்கு 'நாளுக்கு நாள் முன்னேற்றம்'.

ஏப்ரலில் எந்த அணியும் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. மே மாதம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. ஜவ்வு ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே கிழிந்திருந்ததாக அறுவை மருத்துவர் எழுதியிருக்கிறார், பல்கலைக்கழகப் பட்டியலிலோ வெறும் 'லேசான வலி', ஆகவே விளையாட்டு வீரர் காயத்தை மறைத்திருக்கிறார், பத்திரம் செல்லாது.

கீஷான் ஊன்றுகோலோடு வந்து, ராங்கின் முன் கடிதத்தை வைத்தான். லெனோரா கோப்போடு ஓரமாக நின்றாள்.

"நான் மறைச்சேன்னு எழுதியிருக்காங்க, கோச். உங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் அன்னிக்கே சொன்னேனே. நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்."

"மகனே, நீ எங்க குடும்பம்டா." ராங்கினின் குரல் தழுதழுத்தது. "உனக்காக என் உசிரையே தருவேன். ஆனா பட்டியல் பொய்னு எழுதச் சொல்றியே, நம்ம துறையோட நேர்மை என்னாகும்?"

கீஷான் லெனோராவைப் பார்த்தான். பிறகு கடிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனான். படிகளில் ஊன்றுகோல் சத்தம் வெகுநேரம் கேட்டது. மொத்தம் பதினாறு படிகள்தான்.

'மே 6, புதன். துறையில் மூன்று வருடமாகப் பட்டியல் எழுதுகிறேன். எல்லாவற்றையும் இன்று மூன்று முறை சரிபார்த்தேன். ஒரே ஒரு காகிதத்தில்தான் உண்மை இருக்கிறது. அது "என் தவறுகள்" பக்கத்தில், டாக்டர் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறது.

நாளைய வேலை: காலை எட்டரைக்குத் தபால் நிலையம். அக்டோபர் 14 படிவத்தின் பிரதி, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒன்று, கீஷானுக்கு ஒன்று. பதிவுத் தபால். கூடவே ஒரு குறிப்பு. காயத்தை மறைக்கச் சொன்னவர்: ராங்கின். மறைத்து எழுதியவள்: லெனோரா பிக்கன்ஸ்.'